கைக்குட்டையை உருவும் வேளை

நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் அல்சீட் ட்யூவெர்னே பூசிய சுவர்களைவிட அவர் வழியனுப்பிய பிணங்கள் அதிகம் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். வாரம் முழுக்கச் சாந்துக் கரண்டியோடு மல்லுக்கட்டுகிறவர், யாராவது இறந்தால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பித்தளை பேண்டோடு நடப்பார். முதல் பதினைந்து வருஷம் பெரிய டிரம், அடுத்த பதினாறு வருஷம் சின்ன டிரம்.

சின்ன டிரம்மின் அடித்தோலை ஒட்டிக் கம்பிச் சரங்கள் ஓடும். அவை அதிர்வதால்தான் அந்தச் சடசடப்பு. கல்லறைக்குப் போகும் வழியில் அது கூடாது. சரத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு கைக்குட்டையைச் செருகிவிட்டால், டிரம் தொண்டை கட்டிய மனுஷனைப் போல 'தொம், தொம்' என்று மட்டும் பேசும். டிரம்பெட் தோத்திரப் பாட்டை இழுத்து ஊதும். கிளாரினெட் அதற்கும் மேலே ஏறி நின்று அழும். டியூபா அடியில் நின்று எல்லாரையும் தாங்கும். நாலு நாலு தட்டாக ஊர்வலம் ஊர்ந்து போகும்.

கல்லறையை மூடிப் பாதிரியார் ஆமென் சொன்னதும் டிரம்காரர் கைக்குட்டையை உருவி, குச்சிகளால் சடசடவென ஓர் உருட்டு உருட்ட வேண்டும். செத்தவர் பாடுகளிலிருந்து விடுபட்டார், சந்தோஷமாக அனுப்பு என்று அதற்கு அர்த்தம். பிறகு வீடு வரை ஆட்டம்தான். உருட்டு வராமல் ஒருவரும் ஒரு சுரம்கூட ஊத மாட்டார்கள்.

அல்சீடின் கைக்குட்டைக்கு ஓரம் தைத்தது அவர் மனைவி லியோன்டீன். வயிற்றில் கட்டி வந்து படுத்த படுக்கையானபோதும் அவள் வாய் மட்டும் படுக்கவில்லை.

"ஊரான் வீட்டுப் பொணத்தையெல்லாம் ஆட்டம் போட்டு அனுப்புனீங்க. எனக்கு மட்டும் வேற ஆளைக் கூட்டிட்டு வந்தா, ஆவியா வந்து, திங்கக்கிழமை தவறாம அடுப்புல ஏத்துற உங்க பீன்ஸைத் தீய விட்டுருவேன்."

"ஏன்டி இப்படிப் பேசுற? நானே அடிக்கிறேன், போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

செப்டம்பரில் அவள் போய்விட்டாள். புழுங்கும் வெயிலில் கல்லறை வரைக்கும் அல்சீட் ஒரு தட்டும் பிசகாமல் அடித்தார். கல்லறையின் கதவு மூடியது. ஆமென் சொல்லியாயிற்று. வாசலுக்கு வெளியே ஜனம், ஆட்டத்துக்குக் கொண்டுவந்த குடைகளை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. அல்சீடின் விரல் கைக்குட்டையின் நுனியைத் தொட்டது, அங்கேயே நின்றுவிட்டது. அதை உருவினால் அவள் போயே போய்விடுவாள். அவருக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

பக்கத்தில் பெரிய டிரம்மோடு தெயோஃபில் ரோபிஷோ நின்றார். அவரைப் பார்த்ததும் அல்சீட் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அது பழைய பாவம். பதினாறு வருஷத்துக்கு முன்னால் சின்ன டிரம் தெயோஃபிலுடையது. கப்பல் துறையில் மூட்டை சரிந்து செத்த மகன் இக்னாஸுக்கு அடிக்க வந்தவர், இதே வாசலில் கை ஓடாமல் நின்றார். அல்சீட் என்ன செய்தார்? "அழுகையை வீட்டுல வச்சுக்கோ, ஜனம் வெயில்ல காயுது" என்று டிரம்மைப் பிடுங்கி, துணியை உருவி, ஊரே மெச்ச அடித்துத் தள்ளினார். அன்றிலிருந்து பெரிய டிரம்முக்கு மாறிய தெயோஃபில் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தோளோடு தோள் உரச நடந்தும் பேசியதில்லை.

இப்போது தெயோஃபில் பிடுங்கப் போகிறார் என்றுதான் அல்சீட் நினைத்தார். பிடுங்கட்டும் என்றுகூட இருந்தது. தோள்வாரைக் கழற்றி டிரம்மை நீட்டினார்.

"நீயே அடிச்சிரு தெயோ. என்னால ஆகல."

தெயோஃபில் வாங்கவில்லை. பெரிய டிரம்மைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார்.

"அன்னிக்கு நீ பிடுங்கிட்டே. என் புள்ளைய நான் அனுப்பவே இல்ல அல்சீட். நீதான் அனுப்புனே. நான் உன்கிட்ட பிடுங்க மாட்டேன். சாயங்காலம் ஆனாலும் சரி, நிக்கிறோம்."

டிரம்பெட்காரர் தொப்பியைக் கழற்றினார். ஜனம் நின்றது. எங்கோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது, யாரோ அதட்டினார்கள். அன்று தெயோஃபிலிடம் தான் பறித்தது வெறும் டிரம் இல்லை என்பது அல்சீடுக்கு அப்போதுதான் விளங்கியது. எவ்வளவு நேரம் நின்றாரோ, வாரை மறுபடி மாட்டி, கைக்குட்டையை உருவினார். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உருட்டினார். சுத்தமான உருட்டு அல்ல. ஆனாலும் டிரம்பெட் எழுந்தது, குடைகள் விரிந்தன.

மூன்றாவது தெரு முனையில் அல்சீட் ஆட்டத்தின் நடுவே நின்று, இரண்டு குச்சிகளையும் தெயோஃபிலிடம் நீட்டினார்.

"இக்னாஸுக்கு."

தெயோஃபில் குச்சிகளை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"அவன் போயிட்டான்பா. போனவனைத் திரும்பக் கூப்பிட்டா அனுப்ப முடியும்? இது லியோன்டீனை அனுப்புற ரோடு. நீ அடி."

அல்சீட் வீடு வரைக்கும் அடித்தார்.