ஒன்பது வோல்ட் பேட்டரி

என் சால்டரிங்கை யாரும் குறை சொன்னதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க சர்க்யூட் போர்டுகளில் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிரில்தான் அண்ணனுடைய எலெக்ட்ரிக் கிட்டாரைத் திறந்தேன்.

தங்கவயலிலிருந்து பிழைக்க வந்து, ஈஜிபுராவில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவன் வேலை செய்த இடத்தில் பிரஸ் மெஷினில் மாட்டி இடது கையின் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. தையல் பிரித்த பிறகு அவை வளைந்தன. தந்தியை அழுத்தத்தான் மறுத்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவோடு வாசிப்பது ஒன்றுதான் அவனுக்கென்று இருந்தது. அதுவும் போனால் அவன் என்ன ஆவான் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆக்டிவ் பிக்கப் போட்டால் மெல்லத் தொட்டாலே சத்தம் வரும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். தந்திக்கு அடியில் இருந்து அதிர்வை வாங்கி அனுப்புவது பிக்கப். ஆக்டிவ் என்றால் அதற்குள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கும், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த தோழியின் கணவர் ஒரு செட் வாங்கிவந்தார்.

"பாப்பா, இருக்கறதயும் கெடுத்துடாத," என்றான் அண்ணன்.

"சும்மா இருண்ணா. உன் கையால ஆவாதத நான் செய்றேன்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் ஸ்க்ரூக்களைப் பொறுக்கி ஒரு டப்பா மூடியில் போட்டான்.

பழைய பிக்கப்புகளையும் வால்யூம், டோன் கன்ட்ரோல்களையும் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தினேன். தந்திகளுக்குப் போன எர்த் ஒயர் இனி வேண்டாம் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது, வெட்டினேன். பேட்டரிக்கு இடமே இல்லை. ஒயர்களை ஒதுக்கி, ஸ்பாஞ்சில் சுற்றித் திணித்தேன்.

ஆம்ப்ளிஃபயரில் செருகியபோது பழைய இரைச்சல் துளியும் இல்லை. நான் கைதட்டினேன். அவன் நாலு தந்திகளைச் சேர்த்து மீட்டி ஒரு கார்டு பிடித்தான். ஒரு தந்தி தெளிவாக ஒலித்தது, ஒன்று ஜிர்ரென்றது, இரண்டு மரக்கட்டையைத் தட்டியதுபோல் செத்து விழுந்தன. இத்தனை நாளும் இரைச்சல் மறைத்து வைத்திருந்ததை நானே வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

"நல்லாதான் கேக்குது பாப்பா. எல்லாமே கேக்குது."

மறுநாள் சர்ச்சில் பாட்டின் நடுவே தலைகள் திரும்பின.

ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் சரியாகிவிட்டது. "கை செட் ஆயிடுச்சு போல, ரொம்ப நீட்டா இருந்துச்சு," என்று குழுத்தலைவர் அவன் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது பெஞ்சில் பக்கத்திலிருந்த அக்காவிடம், "கீபோர்டுக்கு அடியில மெதுவா ஒரு சத்தம் வருது பாருங்க, அதான் எங்கண்ணன்," என்று சுட்டிக்காட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, பேட்டரி தீர்ந்திருக்குமே என்று புதிதாக ஒன்று வாங்கிவந்து பின்மூடியைத் திறந்தேன். பேட்டரி ஸ்பாஞ்சுக்குள் பத்திரமாக இருந்தது. அதன் தலையிலிருந்த கிளிப் கழற்றப்பட்டு, இன்சுலேஷன் டேப்பால் நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது. பேட்டரி இல்லாமல் அந்தப் பிக்கப்பிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வராது.

அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி வாரமாண்ணா?"

"அந்த மொத வாரத்துக்கு அப்பறம்." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "மூடிடு பாப்பா. அங்க நிக்கறதுக்கு எனக்கு ஒரு எடம் வேணும்."

கிளிப்பை அப்படியே விட்டு, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி மூடினேன்.

அந்த ஞாயிறும் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு தொடங்கியதும் அந்த அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

"உங்கண்ணன் சத்தம் இன்னிக்கு நல்லா கேக்குது."

"ஆமாக்கா," என்றேன்.