இடுப்பு உயரத்தில் ஒரு வீடு

லாய்குவானின் வீட்டில் அந்த வாரம் தரையில் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அரிசி டின் அடுப்பு மேடைக்கு வந்தது. அடி அலமாரியில் இருந்த சட்டிகளும் சாஸ் புட்டிகளும் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டன. துணி ஊறவைக்கிற வாளி ஒரு முக்காலியில் ஏறியது, செருப்பு இன்னொரு முக்காலியில். செருப்புக்கெல்லாம் இருக்கை, எனக்கு மட்டும் நிற்கிற பிழைப்பு என்று அவள் முனகிக்கொண்டாள். கேட்க ஆள் இல்லாத வீட்டில் முனகலுக்குக் குறைச்சல் கிடையாது.

அடுத்த வாரம் அவள் முதுகெலும்பில் கம்பியும் திருகாணியும் வைத்து முடுக்கப் போகிறார்கள். மலேசியாவில் ஈப்போ நகரத்து அழகு நிலையம் ஒன்றில் பாதி ஆயுளுக்குப் பிறத்தியார் தலையைக் குனிந்து கழுவிவிட்டவள் அவள். தலைகளெல்லாம் பளபளவென்று எழுந்து போய்விட்டன. முதுகுவலிதான் இவளோடு தங்கிவிட்டது. இடது கால் மரத்துப்போய், மாத்திரைக்கும் வலி கேட்காமல் போன பிறகே அறுவைக்குச் சம்மதித்தாள்.

டாக்டர் சொன்னது சுருக்கமாகத்தான் இருந்தது. மூன்று மாதம் குனியக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. குனிந்தால் திருகாணி பிடிப்பு விட்டுவிடும், மறுபடி கத்தி வைக்க வேண்டும்.

"வீட்ல கூட யாரு இருக்கா?" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி கேட்டாள்.

"தங்கச்சி இருக்கா," என்றாள் லாய்குவான்.

அவளுக்குத் தங்கையே கிடையாது. கட்டின புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளையும் இல்லை. ஆள் இல்லை என்று சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவார்கள் என்று வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் காதைக் கடித்திருந்தாள். அந்த வலியோடு இன்னொரு வருஷம் காத்திருக்க லாய்குவானுக்குத் தெம்பில்லை.

அந்தப் பொய் மிஸ்ஸியிடம் செல்லும், அண்ணியிடம் செல்லாது. அண்ணன் மனைவி சூக்யிங் கொஞ்சம் தள்ளிக் கம்பார் ஊரில் இருக்கிறாள். செய்தி கேட்ட அன்றே போன் செய்துவிட்டாள்.

"எங்க ஊர்ல ஒரு நல்ல முதியோர் இல்லம் இருக்கு, குவான். மூணு மாசம் அங்க இரு. நேரத்துக்குக் கஞ்சி ஊத்துவாங்க, குளிப்பாட்டி விடுவாங்க."

"அங்க போனவங்க யாராவது மூணு மாசத்துல திரும்பி வந்திருக்காங்களா, அண்ணி?"

"உன்னை யாரு அங்க கட்டிவைக்கப் போறா?"

யாரும் கட்டிவைக்கப் போவதில்லைதான். ஆனால் இது அப்பா காலத்து வீடு, அண்ணன் பெயரில் இருக்கிறது. அண்ணன் மகனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காலியாகக் கிடக்கிற வீட்டில் புது மருமகள் குடியேறிவிட்டால் பிறகு அவளை எழுப்பப் போவது யார்? அதற்காக அண்ணியைக் கெட்டவள் என்றும் சொல்லிவிட முடியாது. அவளைப் பெற்றவள் தனி வீட்டில் விழுந்து கிடந்தாள். ஆள் போய்ப் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. அதிலிருந்து தனியாக இருக்கிற யாரைப் பார்த்தாலும் சூக்யிங்குக்கு அவள் ஞாபகம்தான்.

இரண்டு பெண்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன்தான் கடைசியில் ஒரு வழி சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை உங்க அண்ணி அங்க வரட்டும். நாள் பூரா ஒரு தடவைகூட குனியாம இருந்து காட்டு. இருந்துட்டா ஆஸ்பத்திரியில இருந்து நேரா உன் வீட்டுக்கே போய்க்க. குனிஞ்சா கம்பாருக்கு வா. ரெண்டு பேரும் என் உயிரை எடுக்காதீங்க."

எல்லாம் மேலே ஏறியாயிற்று, ஒருவரைத் தவிர. சீனர் வீடுகளில் இருக்கிற மாதிரி, கூடத்தில் வாசலைப் பார்த்தபடி, சிவப்புப் பெட்டிக்குள், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிற நிலச்சாமி. நெஞ்சு உயர மாடத்தில் இருக்கிற குவான்யின் அம்மனால் தொந்தரவில்லை, நின்றபடியே கும்பிடலாம். நிலச்சாமி அப்படியல்ல. மண் அவருடையது, வீடு கட்டினவனும் அவருக்குக் குடித்தனக்காரன்தான். தினமும் அந்தியில் குனிந்து அவர் முன்னால் இருக்கிற சாம்பல் கிண்ணத்தில் ஊதுபத்தி செருக வேண்டும். அவரையும் ஒரு முக்காலியில் ஏற்றிவிடலாமா என்று ஊதுபத்திக் கடைக்காரரிடம் போய்க் கேட்டாள்.

"வீட்டுக்காரரையே மண்ணுல இருந்து கிளப்பப் பாக்குறியா? எதுக்கும் அவரையே கேட்டுக்க," என்றார் அவர்.

கேட்டாள். பிறை மாதிரி வளைந்த இரண்டு மரக்கட்டைகளைக் கையில் மூடி, விஷயத்தைச் சொல்லி, தரையில் போட்டாள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தே விழுந்தன. மறுபடி போட்டாள், மறுபடியும் அதே பதில். ஒவ்வொரு தடவையும் கட்டையைப் பொறுக்கக் குனிய வேண்டியிருந்தது. குனியாமலிருக்க வழி கேட்கப் போய், குனிந்ததுதான் மிச்சம்.

நின்றபடியே தரையில் விழுந்ததை எடுக்க நீளமான ஓர் இடுக்கி வாங்கி வைத்திருந்தாள். அதில் ஊதுபத்தியைப் பிடித்துச் செருகலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். முந்தாநாள் செத்த பல்லியை எடுத்துப் போட்ட இடுக்கி அது. யோசித்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சரி. மூணு மாசத்துக்கு உங்களுக்கு ஊதுபத்தி கிடையாது. சிவப்பு பல்பு எரியும், அதைப் பாத்துக்கிட்டு இருங்க. வீட்டை மட்டும் கைவிட்டுடாதீங்க," என்று அவரிடமே சொன்னாள். அந்த வீட்டில் அவள் தினமும் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

ஞாயிறு காலை சூக்யிங் ஒரு பை தர்ப்பூசணி விதையோடு வந்து கூடத்து நாற்காலியில் அமர்ந்தாள். விதையைக் கொறித்தபடி நாத்தனாரைக் கண்ணால் தொடர்ந்தாள்.

லாய்குவான் படுக்கையிலிருந்து மரக்கட்டை மாதிரி முழு உடம்பாகப் புரண்டு, கையை ஊன்றி எழுந்து காட்டினாள். இடுப்புப் பட்டையைத் தானே கட்டினாள். நிமிர்ந்து நின்று கஞ்சி வைத்தாள், முட்டை பொரித்தாள், அண்ணிக்கும் பரிமாறினாள். சூக்யிங்கின் கையிலிருந்து கரண்டி ஒன்று தரையில் விழுந்தது.

"கை தவறிடுச்சு."

"தவறட்டும் அண்ணி. இன்னும் எதெது தவறணுமோ எல்லாத்தையும் ஒரேயடியா தவற விட்டுடுங்க." லாய்குவான் இடுக்கியை எடுத்துவந்து கரண்டியைக் கவ்வித் தூக்கினாள். சூக்யிங் சிரிப்பை விதையோடு சேர்த்து மென்றாள்.

மத்தியானம் துணி உலர்த்தப் போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் அண்டைவீட்டு மலாய்க்காரி மஸ்னா நின்றிருந்தாள். காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்றுவிட்டு மீதிப் பொழுது வீட்டோடு இருப்பவள், பிள்ளைகள் கோலாலம்பூரில். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் சமையல் வாசனைக்குப் பாண்டான் இலை நீட்டுவாள், இவள் உரிக்காத பம்பளிமாஸ் பழம் நீட்டுவாள். அந்த வேலியைத் தாண்டி லாய்குவான் எதுவும் கேட்டதில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் நான் பார்த்துக்கிறேன் என்று மஸ்னா முன்பே சொன்னதுண்டு. எதுக்கு உனக்குத் தொந்தரவு என்று லாய்குவான் வாயை அடைத்துவிட்டாள்.

"என்னக்கா, இன்னிக்கு ராணி மாதிரி நிமிந்து நடக்குறீங்க?"

"உள்ள பரீட்சை நடக்குது."

"பாஸ் ஆயிடுவீங்களா?"

"பொழுது சாயட்டும், தெரியும்."

சாயங்காலத்துக்குள் உடம்பு அடித்துப் போட்டது போலாகிவிட்டது. வலி ஒரு பக்கம், நாள் முழுக்கத் தன் உடம்பைத் தானே காவல் காத்த களைப்பு இன்னொரு பக்கம். சூக்யிங் போனில் புருஷனிடம், "உன் தங்கச்சி ஜெயிச்சிடுவா போலிருக்கு," என்று சொல்வது அடுப்படிவரை கேட்டது. லாய்குவான் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வெளிச்சம் மங்கியிருந்தது. சாமிப் பெட்டியின் சிவப்பு பல்பு நன்றாகத் தெரிந்தது. ஊதுபத்திகளைப் பற்றவைத்து, அம்மனுக்குப் பாதியைச் செருகிக் கும்பிட்டாள். மீதி கையில் இருந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவள் எதையும் நினைக்கவில்லை. முழங்கால் மடங்கி, இடுப்பு வளைந்து, கை சாம்பல் கிண்ணத்துக்குப் போய்விட்டது. விதை கொறிக்கிற சத்தம் நின்ற பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பதே உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முதுகு பிடித்துக்கொண்டது. சூக்யிங்தான் வந்து இரண்டு கைகளாலும் தூக்கி உட்காரவைத்தாள்.

"முடிஞ்சுபோச்சு, குவான்." குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் லாய்குவானால் தாங்கியிருக்க முடியும். "உன்மேல குத்தம் சொல்லல. கை தானா போகுது. தானா போற கையைப் பிடிக்கத்தான் ஒரு ஆள் வேணும்ங்கிறேன். எங்கம்மாவுக்கு அதுதான் இல்லாமப் போச்சு."

அண்ணி சொன்னது உண்மை. வீட்டையே தூக்கி மேலே வைத்தவளால் ஒரு பழக்கத்தைத் தூக்கி வைக்க முடியவில்லை. கண்ணீர் தன்பாட்டுக்கு வந்தது. இனி கம்பாருக்குப் பை கட்ட வேண்டியதுதான், அதற்குக்கூடத் தெம்பில்லை.

வாசலில் மஸ்னா நின்றிருந்தாள். பரீட்சை முடிவு கேட்க வந்தவள், திறந்த கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"இந்த ஒரு நேரம்தானே இவங்களுக்குக் கஷ்டம்? நான் வரேன்."

"நீ வந்து? அவருக்குப் பத்தி ஏத்துவியா?" என்றாள் சூக்யிங்.

"அது எங்களுக்கு ஆகாது. ஏத்த மாட்டேன். உட்காருவேன்."

"எங்க உட்காருவே?"

மஸ்னா நாற்காலியை இழுத்து நிலச்சாமிப் பெட்டிக்கு நேர் முன்னால் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பெட்டி மறைந்துபோயிற்று.

"தினமும் பொழுது சாயுறப்ப இங்க உட்கார்ந்திருப்பேன். குனியணும்னா என் மடியிலதான் இவங்க குனியணும். பாங்கு சொன்னதும் தொழுகைக்குப் போயிடுவேன், அதுக்குள்ள இவங்க நேரமும் தாண்டிடும்."

"சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?"

"எனக்கும் அவருக்கும் முன்னப்பின்ன பழக்கம் கிடையாது. கோச்சுக்க என்ன இருக்கு?"

சூக்யிங் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாய்குவானின் வாய் வழக்கம்போல, "எதுக்கு மஸ்னா உனக்கு..." என்று தொடங்கியது. பாதியில் நின்றது. கையைப் போலவே வாய்க்கும் ஒரு பழக்கம் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"வரியா மஸ்னா?"

"அதைத்தானே அப்பவே சொன்னேன்."

சூக்யிங் விதைப் பையைச் சுருட்டிக் கட்டினாள். "முதல் ரெண்டு வாரம் நானும் இங்க தங்குறேன். உங்கண்ணன் தானே சமைச்சுச் சாப்பிடட்டும். அதுக்கு மேல உங்க பாடு," என்றாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக என்றால் டாக்டர் கணக்கில். படுக்கையில் புரள்வதற்குள் உயிர் போய் வந்தது, குளித்து முடித்தால் நாளே முடிந்த மாதிரி இருந்தது. சூக்யிங் சொன்னபடி இருந்துவிட்டுக் கம்பாருக்குக் கிளம்பினாள்.

அவள் போன அன்று அந்தியில் லாய்குவான் அம்மனுக்கு ஊதுபத்தி செருகிவிட்டுத் திரும்பினாள். உடம்பு அசதியில் தானாக முன்னால் சாய்ந்தது. கை போய் நின்ற இடம் மஸ்னாவின் முழங்கால்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல."

"அப்ப உட்காருங்க."

லாய்குவான் எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். மஸ்னா பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து சிவப்பு வெளிச்சம் அவள் முக்காட்டின் ஓரத்தில் விழுந்திருந்தது. போன் அடித்தது. ஆஸ்பத்திரி மிஸ்ஸி.

"காயம் எப்படி இருக்கு ஆன்ட்டி? தங்கச்சி கூடத்தானே இருக்காங்க?"

லாய்குவான் எதிரில் பழம் உரிக்கிற கைகளைப் பார்த்தாள்.

"இருக்கா," என்றாள். "எதிர்லதான் உட்கார்ந்திருக்கா."

"அவங்ககிட்ட போனைக் குடுங்க."

மஸ்னா பழச்சாற்றைக் கைலியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். மிஸ்ஸி கேட்டதைக் கேட்டாள். லாய்குவானை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஆமா மிஸ்ஸி, தங்கச்சிதான் பேசுறேன். குனியத்தான் பாக்குறாங்க. நான் விட்டாத்தானே."