ஒரு லீவருக்காக வெள்ளிமலை வரை

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பினோம். வண்டி எங்களுடையது அல்ல, ஷோரூமுடையது. ஓட்டியது என் மனைவி மும்தாஜ். பக்கத்து சீட்டில் நான். பின்னால் ஷோரூம் விற்பனையாளர் செல்வராஜ், மடியில் விலைப்பட்டியலுடன். அவருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் தலையணை ஒன்று. மலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போவார்கள், நாங்கள் ஏன் தலையணை எடுத்துப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மும்தாஜின் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். இருபத்தேழு வருஷமாக அது எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை, பரணில் இருந்து அண்டா இறக்கும் நாட்களைத் தவிர. இந்த வருஷம் அவளுக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தது. பள்ளிக்கூடம் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி. பஸ்ஸை நம்பினால் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியாது. எங்கள் பழைய கார் ஊருக்குள் மேம்பாலம் ஏறுவதற்கே மூச்சு வாங்கும். ஆகவே புது வண்டி. திங்கட்கிழமைக்குள் அவள் பதவியை ஏற்பதாகவோ வேண்டாம் என்றோ எழுதிக் கொடுக்க வேண்டும்.

வண்டி பார்க்கப் போனோம். எங்கள் கைக்கு எட்டிய மாடலில் அவள் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு முக்காடு மட்டும் தெரிந்தது. சீட்டை உயர்த்தும் லீவர் எங்கே என்று கேட்டேன். அது இந்த மாடலில் வராது, ‘கம்ஃபர்ட் பேக்’ எடுத்தால்தான் வரும் என்றார் செல்வராஜ். கம்ஃபர்ட் பேக்கில் லீவரோடு கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல், அறுபத்து நான்கு வண்ணங்களில் விளக்கு, உட்காருமிடத்தில் குளிர்காற்று, ஒயர் இல்லாமல் போன் சார்ஜ் ஆகும் தட்டு எல்லாம் வரும். கூடுதல் விலை ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். அந்த லீவர் என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும்.

வெளியே ஒரு பட்டறையில் சீட்டைத் தூக்கி வெல்டு வைத்துக்கொள்கிறேன் என்றேன். “வாரண்டி போயிடும் பாய். ஏர்பேக்கு கோளாறாச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது” என்றார். அப்படியானால் ஒரு தலையணை போதாதா என்று எனக்கு யோசனை வந்தது. எனவே இந்தப் பயணம். எல்லா வசதியும் உள்ள வண்டியில், ஏறும்போது சீட்டை உயர்த்தி ஓட்டுவது. இறங்கும்போது சீட்டை முழுக்கத் தாழ்த்தி, தலையணை போட்டு ஓட்டுவது. வழக்கமாக டெஸ்ட் டிரைவ் என்றால் ஊர் எல்லைவரைதான் விடுவார்கள். மாதக் கடைசி, செல்வராஜின் விற்பனைக் கணக்குக்கு ஒரு வண்டி குறைகிறது. நாங்கள் மலை கேட்டோம், அவர் மலை கொடுத்தார்.

ஏழு ஐந்துக்குக் கச்சிராயபாளையம். பதினாறு கிலோமீட்டர். டீ பன்னிரண்டு ரூபாய், உளுந்து வடை பத்து. செல்வராஜ் திருக்கோவிலூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பதினெட்டு வருஷம் டிராக்டர் விற்றுவிட்டுக் காருக்கு வந்தவர். வடையைப் பிய்த்துக்கொண்டே மனம் திறந்தார்.

“டிராக்டர்ல இந்த வம்பே இல்லீங்க பாய். கலப்பை வேணும்னா கலப்பை, டிரெய்லர் வேணும்னா டிரெய்லர். கலப்பை எடுத்தாதான் டிரெய்லர்னு எவன்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. ஏரு ஓட்டிடுவான், நம்ம மேல.”

“அதான் நியாயம்!” என்று நான் மேசையைத் தட்டினேன். “ஒண்ணு வேணும்னா ஒண்ணைக் குடுங்கய்யா. வேணாததையும் சேத்துக் கட்டி தலையில வைக்கிறது இன்னா யாவாரம்? நானும்தான் பஜார்ல முப்பது வருசமா துணிக்கடை வச்சிக்கினு இருக்கேன்.”

மும்தாஜ் டம்ளருக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். டீ சூடாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மூங்கிலும் பள்ளமும். சீட்டை உயர்த்தி வைத்திருந்ததால் மும்தாஜுக்கு பானெட்டும் அதற்கு அப்பால் சாலையும் தெளிவாகத் தெரிந்தன. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, அமைதியாக ஏற்றினாள். அமைதி இல்லாமல் இருந்தது வண்டிதான். எதிரே மாடு வந்தால் அதன் எச்சரிக்கை மணி கீச்சென்றது. மாடு போய்க் கன்று வந்தால் மறுபடியும் கீச்சென்றது. ஒரு மந்தையே வந்தபோது அது தொடர்ந்து கத்தியதில் மாடுகள் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன.

கண்ணாடியை இறக்கலாம் என்று நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். சற்று நேரத்தில் உட்கார்ந்த இடம் ஈரத் துணியில் உட்கார்ந்தது போல ஜில்லிட்டது. அணைக்க வேறொன்றை அழுத்தியதில் கதவோரம் ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. “ஒண்ணையும் தொடாம கைய மடியில வச்சிக்கினு வாங்க” என்றாள் மும்தாஜ், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்லும் குரல் அது.

ஏழு ஐம்பதுக்குப் பெரியார் அருவி அருகே நிறுத்தினோம். கூரை ஜன்னலின் பெருமையைக் காட்ட இதுதான் இடம் என்று செல்வராஜ் அதைத் திறந்தார். கூரை சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. வானம் தெரிந்தது, மரக்கிளை தெரிந்தது, பிறகு ஒரு குரங்கின் முகம் தெரிந்தது. நாங்கள் மூவரும் மூன்று கதவு வழியாக வெளியே வந்தோம். குரங்கு நிதானமாக உள்ளே இறங்கி, வறுத்த கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, வந்த வழியே போனது. போகும்போது செல்வராஜின் விலைப்பட்டியலில் ஒரு பக்கத்தையும் கிழித்துப் போயிற்று.

“கம்மி விலை மாடல் இருக்கிற பக்கம் போச்சுங்க” என்றார் அவர், வருத்தமாக. அது வருத்தம்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

மேலே சமவெளியில் குளிர்ந்த காற்றும் மரவள்ளியும் மக்காச்சோளமும். ஒரு சோளக்கொல்லையில் நின்ற பொம்மை என் கவனத்தை இழுத்தது. தலை ஒரு கரி பூசிய பானை. ஆனால் உடம்பில் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, புத்தம் புதிது, காலர் விறைத்து நின்றது. நம் ஊரில் மாப்பிள்ளைகளுக்கே இந்த விறைப்பு வாய்ப்பதில்லை. மலையில் இவ்வளவு வசதியா என்று வியந்தேன்.

எட்டு ஐம்பதுக்கு வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். முதலில் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மேலும் சிறிது தூரம் போனோம். ஓட்டுக் கட்டடம் இரண்டு, தளம் போட்டது ஒன்று. விடுதிப் பிள்ளைகள் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஈரக் கையோடு கேட்டருகே ஓடிவந்து, “புது பெரிய டீச்சருங்களா?” என்று கேட்டது.

“ஆமா” என்றாள் மும்தாஜ். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூரை ஓடுகளை எண்ணத் தொடங்கினேன்.

திரும்பி வந்து வெள்ளிமலையில் சின்னப்பொண்ணு என்பவரின் டீக்கடையில் உட்கார்ந்தோம். நாற்பது வயதிருக்கும், ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறார். டீயை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“நீங்க பஜார் துணிக்கடை பாய்தானே?”

மலை மேல் வரை நம் பெயர் எட்டியிருக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்தினேன். “ஆமாம்மா. நம்ம கடையில எடுத்திருக்கியா?”

“எடுத்தேனே. அந்தா தொங்குது பாருங்க.”

அடுப்படிக்குத் திரையாக ஒரு வேட்டி தொங்கியது. ஓரத்தில் என் கடை முத்திரை, எண்ணெய்ப் புகையிலும் அழியாமல்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் ‘குடும்ப செட்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் நான். ஒரு சேலை, ஒரு வேட்டி, ஒரு சட்டை, மூன்றும் ஒரே அட்டைப்பெட்டியில், மேலே பளபளப்பான தாள் ஒட்டி. நல்ல நிறச் சேலைகளையெல்லாம் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். போகாமல் கிடக்கும் சட்டைகள் சேலையின் முதுகில் ஏறிப் போய்விடும். பிரித்துத் தரச் சொன்னால் தர மாட்டோம்.

“மாம்பழக் கலரு சேலை ஒண்ணு கேட்டேன்” என்றார் சின்னப்பொண்ணு. “செட்டாதான் தருவேன்னுட்டாங்க. எங்க வூட்ல ஆம்பளையே இல்லீங்கன்னு சொன்னேன். அதுக்கு நாங்க இன்னா பண்றதும்மான்னாரு உங்க ஆளு. சேலை மேல ஆசை, எடுத்துக்கினு வந்துட்டேன். வேட்டி இங்க மாட்டிட்டேன். சட்டைய சோளக்கொல்லையில பொம்மைக்குப் போட்டுட்டேன்.”

செல்வராஜ் டீயைத் துப்பிவிட்டார். அடக்கிப் பார்த்து முடியாமல் எழுந்து வண்டிப் பக்கம் போய்ச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு வாரமாக நான் அவரைப் படுத்திய பாட்டுக்கெல்லாம் வசூல் இருந்தது.

“சட்டைய எடுத்துக்கினு காசு குடுத்துடறேம்மா” என்றேன்.

“ஐயோ, அது வேணாங்க. பன்னி கூட கிட்ட வர்றதில்ல. அவ்ளோ மரியாதையா நிக்குது.”

மும்தாஜ் கச்சிராயபாளையத்தில் பார்த்த அதே பார்வையை இன்னொரு முறை பார்த்தாள். இந்த முறை டீயின் மேல் பழி போட முடியவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு இறங்கத் தொடங்கினோம். ஒப்பந்தப்படி சீட்டைத் தாழ்த்தி, தலையணையைப் போட்டாள். முதல் சில வளைவுகள் சரியாகத்தான் போயின. நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன், லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் மிச்சம் என்று. அடுத்த கொண்டை ஊசி வளைவில் வண்டி இடப்பக்கம் திரும்ப, இலவம்பஞ்சுத் தலையணை வலப்பக்கம் போனது. தலையணையோடு மும்தாஜும் போனாள். எதிரே அரசுப் பேருந்து. அவள் ஸ்டியரிங்கை விடாமல் பிரேக்கை மிதித்தாள். இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். எங்கள் வண்டியின் அத்தனை எச்சரிக்கை மணிகளும் ஒன்றாகக் கத்தின.

பேருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, தலாணியெல்லாம் எடுத்துக்கினு தூங்கவா வந்தீங்க?” என்று கத்திவிட்டு, பின்னால் எடுத்து வழி விட்டுப் போனார்.

மும்தாஜ் வண்டியை ஓரம் கட்டினாள். தலையணை யோசனை என்னுடையது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பை என்னால் முடிக்கவே முடியவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லுங்க” என்றாள். “உங்களுக்கு இந்த லீவர் வெல ஜாஸ்தியா இருக்கறது கஷ்டமா, இல்ல நான் மலைக்கு வர்றது கஷ்டமா?”

கம்ஃபர்ட் பேக் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி பொய் என்பது அவளுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கே அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. சீட்டு சரியில்லை, விலை கட்டுப்படியாகவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனால், அவளாகவே பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று எங்கோ ஓர் ஆசை. காலை ஆறு மணிக்கு அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும் என்ன செய்வேன்?

“காலையில வூட்ல யாரும் இருக்க மாட்டாங்களே” என்றேன். ஐம்பத்து நாலு வயது ஆள் பேசுகிற பேச்சா அது? ஆனால் அதுதான் வந்தது.

அவள் முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். “நம்ம கல்யாணத்துல எனக்கு உங்களை மட்டுமா குடுத்தாங்க? கூடவே உங்கம்மா, மூணு நாத்தனாரு, கடை ஆளுங்க ஆறு பேருக்கு மத்தியான சோறு, நோம்புக்கு அண்டா அண்டாவா கஞ்சி. எல்லாம் சேத்துதான் குடுத்தாங்க. பிரிச்சுக் குடுங்கன்னு நான் கேட்டனா?”

பின் சீட்டில் செல்வராஜ் குரங்கு கிழித்த பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தீவிரமாகப் படித்தார்.

நான் குனிந்து அவள் சீட்டின் பக்கவாட்டில் கையை விட்டு அந்த லீவரைத் தேடிப் பிடித்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தாள். முக்காடு, கண், முகம் என்று முழுசாக ஸ்டியரிங்குக்கு மேலே வந்தாள். “மொத்தமாவே எடுத்துக்கலாம்” என்றேன். “கூரையைத் தொறக்காம இருந்தா சரி.” தலையணையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பதினொன்று பத்துக்கு ஊர் வந்து சேர்ந்தோம்.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்று கடையில் ஓர் அம்மா பெட்டியைத் தட்டி, இந்தச் சேலை மட்டும் கிடைக்குமா என்று கேட்டார். என் ஆள் செட்டாகத்தான் தருவோம் என்று தொடங்குவதற்குள் நான் கத்தரிக்கோலை எடுத்துத் தாளைக் கிழித்தேன். முப்பது வருஷத்தில் முதலாளிக்குப் பைத்தியம் பிடித்த நாள் அதுதான் என்று அவன் வெளியே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சாயங்காலத்துக்குள் செய்தி பரவி, சேலைகள் எல்லாம் தனித்தனியாகப் போய்விட்டன. நீலக் கட்டம் போட்ட சட்டைகள் பதினொன்று, கேட்பாரில்லாமல் மேசையில் கிடந்தன.

இரவுச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட வந்த மும்தாஜ் அவற்றை எண்ணிப் பார்த்தாள்.

“புது வண்டி வந்ததும் டிக்கியில போடுங்க” என்றாள். “மேல கொல்லை நெறைய இருக்குது.”