திகதி கேட்பவர்

ஏழு மணிச் செய்தி ஓடும்போது எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அதில் வரும் ஒரு பெண் நிருபருக்காக நான் போட்ட சட்டம் அது. அமைச்சர்கள் "கூடிய சீக்கிரம் செய்வோம்" என்று நழுவும்போது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எப்போது? திகதியைச் சொல்லுங்கள்" என்பார். எனக்குக் கைதட்டத் தோன்றும்.

போன வருடக் காற்றில் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரங்கள் பறந்தபோது, சேற்றில் நடந்து அவரே வந்துவிட்டார்! டிவியில் தெரிவதைவிடக் குள்ளம். கண்ணாடியைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு வீட்டுக் காம்பராவுக்குள்ளும் போய்ப் பார்த்தார். எங்கள் பிளேன்டீயைக் குடித்தார். நாங்கள் அழுததையெல்லாம் அவருடன் வந்தவர்கள் படம் பிடித்தார்கள்.

வேனில் ஏறப்போனவரிடம் கேட்டேன்: "இது எப்பங்க மிஸ் டிவியில வரும்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கூடிய சீக்கிரம், அக்கா."

இன்றுவரை வரவில்லை. கூரையில் இன்னும் பொலித்தீன்தான். நேற்றும் அவர் கண்ணாடியைக் கழற்றி ஓர் அமைச்சரை மடக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க மொதல்ல திகதியச் சொல்லுங்க மிஸ்!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

"பேசாதீங்கம்மா, நியூஸ் போகுது" என்றாள் மகள்.