பெயர் போடாத சீட்டு

இந்த முறை பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. திருவண்ணாமலைக்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆட்டோக்காரர் கேட்கிற ரேட்டில் சென்னைக்கே போய்விடலாம். நானும் வேங்கிக்கால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தேன்.

மதியம் மூன்று மணிக்குக் காலிங் பெல் அடித்தது.

திறந்தால், வியர்வையில் நனைந்த புடவையோடு ஓர் அம்மா. ஒரு கையில் பைபிள் வைத்த ஒயர் கூடை. இன்னொரு கையில் வார் அறுந்த செருப்பு. எங்கள் சபையில் பார்த்த முகம்தான். பெயர் கிரேஸ். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே டிபன் கடை வைத்திருக்கிறார். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை - ஸ்தோத்திரம்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். தண்ணி குடுங்க மொதல்ல."

ஒரு சொம்புத் தண்ணீரையும் மூச்சு விடாமல் குடித்தார்.

"அங்கேர்ந்து நடந்தா வந்தீங்க?"

"வேற எப்டி? கூட்டத்தோட கூட்டமா வந்துட்டேன். பாதியில செருப்பு அறுந்துடுச்சு. அவங்களும் வெறுங்காலோடதானே வராங்க... பக்கத்துல ஒருத்தரு, எத்தனாவது சுத்தும்மான்னாரு. சுத்து இல்லீங்க, ஒரு வீட்டுக்குப் போறேன்னேன். வழியில மோர் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு."

பௌர்ணமி அன்றைக்குத்தான் அந்தப் பாதையில் வியாபாரம் ஜாஸ்தி. அன்றைக்குப் போய்க் கடையை விட்டுவிட்டு எதற்காக வந்தார்?

கூடையிலிருந்து பைபிளை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து நீட்டினார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சபை வாசலில் ஜெபக் குறிப்புப் பெட்டி என்று ஒன்று உண்டு. மனதில் இருப்பதை எழுதிப் போடலாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். எடுத்தவர் ஒரு வாரம் அதற்காக ஜெபிக்க வேண்டும். அவ்வளவுதான் வழக்கம். யார் எழுதியது என்று யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

அந்தச் சீட்டில் இருந்தது ஒரே வரி. 'பேசுவதற்கு ஒருவரும் இல்லை.' பெயர் இல்லை.

எழுதியது நான்தான்.

சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கா பேச ஆள் இல்லை என்று கேட்பீர்கள். கணவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில். சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்வதற்குள் எழுந்து வந்துவிடுவேன். அப்புறம் அதுவும் நின்றது. நான்கு வாரமாகப் போகவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னையில் தம்பி வீட்டோடு போய்விடுவது, இனி சபையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவே செய்திருந்தேன். கடைசியாக ஒரு வியாழக்கிழமை மதியம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் அந்தச் சீட்டைப் போட்டேன். கர்த்தருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேனாம்... என்ன திமிர் பாருங்கள்.

"போன ஞாயித்துக்கெழம எனக்கு வந்துச்சு இது" என்றார் கிரேஸ். "முட்டி போட்டு ஜெபம் பண்ணேன். வரவே இல்ல சிஸ்டர். பேச ஆள் இல்லன்னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க. அவங்கள விட்டுட்டு நான் ஆண்டவர்கிட்ட பேசினா அவங்களுக்கு என்ன ஆகும்? அதான் தெனம் மத்தியானம் கட சாத்திட்டு வீடு வீடா போய்க் கேக்கறேன். இது ஏழாவது வீடு. நீங்களா எழுதுனீங்க?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"இல்லீங்களே" என்றேன்.

சேவல் கூவுவதற்குள் பேதுரு இயேசுவைத் தெரியாதென்று மூன்று முறை மறுதலித்தான். நான் ஒரே முறைதான். கூவுவதற்கு என் வீட்டில் சேவலும் இல்லை.

கிரேஸ் முகத்தில் சந்தேகம் எதுவும் தெரியவில்லை. "நானும் அப்டித்தான் நெனச்சேன். நீங்க பத்திரிகையில எழுதறவங்க. உங்களுக்கு ஆயிரம் பேர் இருப்பாங்க. நாலு வாரமா காணமேன்னுதான் வந்தேன்" என்றபடி சீட்டை மறுபடியும் பைபிளுக்குள் வைத்தார்.

"மத்த வீட்டுல என்ன சொன்னாங்க?" பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"மூணு பேர் நான்தான்னு சொல்லிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. "மூணு பேரா?"

"ஆமா. மூணு பேரும் அழுதாங்க. சீட்டு ஒண்ணுதான்னு எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் கேட்டுக்கல. கூட உக்காந்துட்டு வந்தேன்."

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். "வரேன் சிஸ்டர். கீழ்பென்னாத்தூர்ல இன்னொருத்தங்க இருக்காங்க. பஸ்ஸு எங்க நிக்குதுன்னு விசாரிக்கணும். இன்னியோட என் வாரம் முடியுது."

"அதான் மூணு பேர் ஒத்துக்கிட்டாங்களே. இன்னும் எதுக்கு அலையறீங்க?"

வாசற்படியில் நின்று, இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தார்.

"மூணு பேருமே எழுதாம இருந்திருக்கலாமில்ல? அப்ப எழுதினவங்க இன்னும் காத்துக்கிட்டுத்தானே இருப்பாங்க?"

அந்த அறுந்த செருப்பைப் பார்த்தேன். என் ஒரு பொய்க்காக அந்த அம்மா வெறுங்காலோடு பஸ் தேடிக் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போகப் போகிறார். அங்கேயும் இல்லையென்றால் நிற்கவா போகிறார்?

"கிரேஸ் சிஸ்டர்... நான்தான். அந்தச் சீட்டு என்னோடதுதான்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஒன்றரை வருடத்தில் வேறொரு மனிதர் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான்.

'அப்ப ஏன் இல்லன்னீங்க?' என்று அவர் கேட்கவே இல்லை. திரும்பி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நீளமான ஜெபம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஆண்டவரே, வீட்ட கண்டுபுடிச்சிட்டேன். நன்றி. ஆமென்."

அவ்வளவுதான். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிலிர்த்தது அந்த ஒரு வரியில்தான். அன்றைக்கு லட்சக்கணக்கான பேர் கடவுளைத் தேடி அந்தப் பாதையில் நடந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒருவர் என்னைத் தேடி நடந்து வந்தார். என்னை! நான் என்ன செய்துவிட்டேன் அதற்கு?

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரேஸ் கேட்டார். "சாப்ட எதனா இருக்குதா? ஊருக்கெல்லாம் டிபன் போடறேன், காலையிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்டல."

நானும் சாப்பிட்டிருக்கவில்லை. எத்தனையோ நாளுக்கு அப்புறம் இரண்டு பேருக்கு உப்புமா கிளறினேன். பழக்கம் விட்டுப்போனதில் தண்ணீர் கம்மியாகிவிட்டது. இரண்டு பேரும் விக்கி விக்கித்தான் சாப்பிட்டோம்.

போகும்போது, "புதன்கெழம மூணு மணிக்குக் கடைக்கு வாங்க. அந்த மூணு பேரும் வராங்க" என்றார்.

போனேன். இரண்டு பேரை எனக்கு முகம்தான் தெரியும். மூன்றாவது ஆளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். எங்கள் பாஸ்டரம்மா. சபையில் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பவர். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து நீட்டுகிறவரும் அவர்தான். சீட்டு யாருடையது என்று கேட்கத்தான் கிரேஸ் முதலில் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார் பாஸ்டரம்மா. மெதுவாகச் சொன்னார் - எழுதிக்கொள்ளவும் அவரே அனுமதி கொடுத்தார்.

"பெட்டியத் தொறந்து அந்தச் சீட்டப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சும்மா. எப்பவோ நான்தான் எழுதிப் போட்டுட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன்."