பின்கேட்டிலிருந்து அடித்த மணி

எங்கள் கல்லூரி வானொலிக்கு இருபத்தைந்து வயதாகிறது, அதன் வரலாற்றை வெள்ளி விழா மலருக்கு எழுதித் தர வேண்டும், விழாவன்று ஒலிபரப்பிலும் வாசிக்க வேண்டும் என்று இப்போதைய மாணவர் தலைவி போனில் கேட்டாள். "நீங்கதான் மேடம் முதல் குரல். உங்கள விட்டா யாரு எழுதறது?" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டே நாளில் நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். அந்த நாலு பக்கத்தில் ஒயரண்ணனுக்கு நான் ஒதுக்கிய இடம் ஒரே ஒரு வரி: "இயற்பியல் ஆய்வக உதவியாளர் ஒருவரும் உறுதுணையாக இருந்தார்."

உறுதுணையாம்! அந்த மனிதர் இல்லையென்றால் ஸ்டேஷனே கிடையாது. ஆய்வகத்தில் குடுவை கழுவி, கருவிகளைத் துடைத்து அடுக்குவதுதான் அவருடைய வேலை. ஆனால் எந்த நேரமும் சட்டைப் பையில் ஒரு சுருள் ஒயர் இருக்கும், அதனால் ஒயரண்ணன். எங்கள் முதல் டிரான்ஸ்மிட்டரை ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் அவர்தான் பொருத்தினார். மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் உடைந்த நாற்காலியும் கிடந்த அறையைக் காலி செய்து, சுவர் முழுக்க சாக்கு ஒட்டி, நடுவில் ஒரு கண்ணாடி வைத்து இரண்டாகத் தடுத்தார். இந்தப் பக்கம் மைக்கும் நாங்களும். அந்தப் பக்கம் பிஸ்கட் டின்னும் அவரும்.

அவருக்குத் திக்குவாய். அதிலும் போன் என்றால் நாக்கு சுத்தமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் தினமும் மத்தியானம் ஒலிபரப்பு தொடங்கியதும் கையளவு ரேடியோவை எடுத்துக்கொண்டு, எங்கள் அலை எட்டும் கடைசி இடமான பின்கேட்டுக்கு நடப்பார். காவலாளி அறையிலிருந்து எங்கள் மேசை போனுக்கு மணி அடிப்பார். ஒரு தடவை அடித்து நின்றால், தெளிவாக வருகிறது என்று அர்த்தம். இரண்டு தடவை அடித்து நின்றால், சரியாக வரவில்லை, மறுபடி சொல் என்று அர்த்தம். எடுத்துப் பேச வேண்டிய அவசியமே இல்லை. பிறகு திரும்பி வந்து தன் பக்கம் உட்கார்ந்துகொள்வார்.

எங்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். என்ன ஆனாலும் ஒலிபரப்பை நடுவில் நிறுத்தக் கூடாது.

இரண்டாவது வருடம் நிலைமை மோசமானது. எங்களை ஒரு ஈ காக்கை கேட்கவில்லை. அந்த அறையை மறுபடி சாமான் அறையாக்கப் போவதாக முதல்வர் சொல்லிவிட்டார். அந்த வாரத்தில் ஒரு நாள், ஒயரண்ணன் பின்கேட்டுக்குப் போயிருந்தார். மைக் திறந்திருந்தால் எரியும் சிவப்பு பல்பு அன்று பார்த்து ஃப்யூஸ் ஆகியிருந்தது. "பல்ப நம்பாதீங்க, சுவிட்சப் பாருங்க" என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். யார் பார்த்தது? பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான் செய்தி வாசிக்கும் பையனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஒயரண்ணன் மாதிரி தோளைத் தூக்கி, கண்ணை இறுக்கி மூடி, "வ... வ... வருதா? வ... வரலையா?" என்றேன். எனக்கு அது நன்றாக வரும். ஐந்து நிமிடம் விடாமல் செய்தேன். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான்.

அப்போது மேசை போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது.

தெளிவாக வருகிறது.

சுவிட்சைப் பார்த்தேன். மைக் திறந்துதான் இருந்தது. அவர் திரும்பி வந்ததும் காலில் விழுந்துவிடுவது என்றே நினைத்தேன். வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் ஏறி, ஃப்யூஸான பல்பைக் கழற்றிப் புதுசு மாட்டினார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் நேயர் பெட்டியில் எண்பது சீட்டுகள். எண்பதும் அதையே மறுபடி போடச் சொல்லிக் கேட்டன. கேன்டீனில் பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்களாம். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை நிகழ்ச்சியாக்கினேன். "வருதா வரலையா", வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து நிமிடம். நான்கு மாதம் ஓடியது. வகுப்பை விட்டு வந்து கேட்டார்கள். முதல்வர் அறையைப் பறிக்கும் பேச்சை விட்டுவிட்டார். என் மலர்க் கட்டுரையில் இதற்கு, "நிலையத்தைக் காப்பாற்றிய நகைச்சுவை நிகழ்ச்சி" என்று பெயர் வைத்திருந்தேன். அந்தப் புகழில்தான் எனக்கு விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் வாய்ப்பு வந்தது. இன்றுவரை அதே குரலை விற்றுத்தான் பிழைக்கிறேன்.

அந்த நான்கு மாதமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடியும்வரை குனிந்து டின்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மலருக்குப் பழைய புகைப்படம் ஒன்று தேவைப்பட்டது. அதற்காகத்தான் அவர் வீட்டைத் தேடிப் போனேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மன்னிப்புக்காக இல்லை. கல்லூரியின் பின்கேட்டுக்கு எதிர்த் தெருவில், ஒற்றைப் படுக்கையறை வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். "ஒயரண்ணன் இருக்காருங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அது? முகம் தெரியாது. குரல் தெரியும். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எங்க வீட்லயும் கேக்கும்."

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. புகைப்படம் கேட்கும் தைரியம் போய்விட்டது. ஒயரண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து மிக்ஸி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையில் ஒயர் அப்படியே இருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நான் பண்ணது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"அத... எல்லாரும் கே... கேக்கற மாதிரி சொன்னீங்க. இத மட்டும் இங்க வந்து கா... காதுல சொல்றீங்களேம்மா?"

கேட்டேன், எப்படிக் கேட்டேனோ தெரியவில்லை: "நீங்க டிரான்ஸ்மிட்டர அணைச்சிருக்கலாமே அண்ணே? கை எட்ற தூரம்தானே?"

"ந... நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்" என்றார்.

மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். குடிக்காமல் வந்தால் தப்பு என்று குடித்தேன். என்னத்தைக் குடித்தேனோ.

விழா அன்று ஸ்டுடியோவுக்குப் போனேன். இப்போது குளிரூட்டிய அறை, கணினி, பஞ்சு மெத்தைச் சுவர். நேயர்களுக்காக மேசையில் ஒரு போன். பழைய மாணவர்கள் வரிசையாகக் கூப்பிட்டு ஒன்றையேதான் கேட்டார்கள்: "மேடம், அந்த வருதா வரலையா ஒரு தடவ பண்ணுங்களேன்!" மாணவர் தலைவியும் ஆசையாகப் பார்த்தாள். நான் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு மைக்கை இழுத்தேன்.

"அந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தேன். "அந்தக் காலத்தில் விவரம் தெரியாத வயதில் மாணவர்கள் சிலர், ஊழியர் ஒருவர் மனம் புண்படும்படி நடந்துகொண்டோம். அதற்காக நிலையத்தின் சார்பில் வருந்துகிறோம்." விளம்பரக் குரலில், ஏற்ற இறக்கத்தோடு அழகாகச் சொன்னேன். தலைவி கண்கலங்கித் தலையாட்டினாள்.

போன் அடித்தது. தலைவி எடுக்கக் கை நீட்டினாள். இரண்டு தடவை அடித்து நின்றுவிட்டது.

"ராங் நம்பர் போல" என்றாள் அவள்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எதிர்த் தெருவில் கையளவு ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். சரியாக வரவில்லை, மறுபடி சொல்.

"இந்த நிலையத்தைக் கட்டியவர் ஒயரண்ணன்" என்றேன். இந்த முறை குரல் என் பேச்சைக் கேட்கவில்லை, கரகரத்தது. "அவருடைய திக்குவாயை நான்கு மாதம் கேலி செய்த குரல் என்னுடையது. மைக் திறந்திருந்தது தெரியாமல் செய்தது முதல் தடவை மட்டும்தான். மற்ற எல்லா வெள்ளிக்கிழமையும் தெரிந்தே செய்தேன். கைதட்டலுக்காகச் செய்தேன். மன்னிச்சிடுங்கண்ணே."

அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை அடித்து நின்றது.

தெளிவாகக் கேட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்கு நாங்கள் மணி எதுவும் வைத்திருக்கவில்லை.