மாத்திரைக் கோபம்

எங்கள் வீட்டில் ‘ஊது’ என்ற சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். மதுவிலக்கு நாட்கள் அவை. ராயபுரம் தெருமுனையில் போலீஸ்காரர் நிறுத்தி வாயை ஊதச் சொல்வார். வீட்டு வாசலில் என் மனைவி சொல்வாள். கள்ளச்சாராயத்தில் மூன்று வருஷத்தைத் தொலைத்தவன் நான். இனித் தொட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொன்ன பிறகு, கோயிலில் மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் செய்தேன். அதைக் காப்பாற்றியும் வந்தேன்.

பிறகு இழுப்பு வந்தது. திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் புகையோ வேறெதுவோ, யார் கண்டது. பத்துப் படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்து, காலையில் சாப்பிட்டதும் போடச் சொன்னார்.

சில நாள் போயிருக்கும். அன்று மாத்திரை போட்டு அரைமணிகூட ஆகவில்லை, என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டிரங்குப் பெட்டியை இங்கும் அங்கும் நகர்த்தினேன். ஓயாமல் பேசினேன். காபி ஆறிப்போனதற்காகத் தம்ளரைச் சுவரில் எறிந்தேன். பிள்ளை வீறிட்டது. மனைவி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“ஊது.”

“காலங்காத்தால இன்னாமே? நான் குடிக்கல.”

“குடிக்காதவன் ஊதறதுக்கு இன்னாத்துக்குய்யா பயப்படறே?”

இழுப்புக்காரன் எப்படி ஊதுவது? முயன்றேன், இருமல்தான் வந்தது. மூச்சை அடக்கி ஏமாற்றுகிறேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். குடித்த நாளில் ஊதி மாட்டினேன், குடிக்காத நாளில் ஊத முடியாமல் மாட்டினேன். அவள் துணியை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

“டாக்டராண்ட ஒரு தபா வந்து கேளுமே. அப்பால போ” என்று கெஞ்சினேன். வந்தாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “இது உடம்பே சுரக்கிற ஹார்மோனோட ஜாதி. பயம், பதற்றம் வந்தா அது தானா ஊறும். நெஞ்சுல இருக்கிற வீக்கம் வடிய நேரமாகும். ஆனா சிலருக்கு மூளை நரம்பை உடனே போய்த் தொட்டுடும். உன் புருஷன் குடிக்கலைம்மா.”

அவர் சொன்னது சரிதான். எனக்கு மூச்சு திறக்க மத்தியானமாகும். வாய் அரைமணியில் திறந்துவிடும். மறுநாளிலிருந்து மாத்திரையை என் கையில் கொடுத்ததும் தம்ளர்களை எட்டத் தள்ளி வைத்துவிடுவாள். நான் கத்துவதைக் கேட்டு யாராவது எட்டிப் பார்த்தால், “மாத்திரக் கோவம். தோ, எறங்கிடும்” என்பாள். ஊதச் சொல்வதை விட்டுவிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னை முழுசாக நம்பியது அப்போதுதான். அந்த நம்பிக்கை எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு காலை, சட்டைப் பித்தான் தைக்கவில்லை என்பதற்காக அவளையும் அவள் அம்மாவையும் சேர்த்து, வாயில் வரக்கூடாத ஒரு வார்த்தை சொன்னேன். அவள் கண் கலங்கியது. ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நீயா பேசறே? மாத்திர பேசுது. எனக்குத் தெரியாதா?” என்றாள்.

வேலைக்குப் போகிற ரயிலில் சீசன் டிக்கெட்டை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். அவள் கொடுத்த மாத்திரை அப்படியே கிடந்தது. அவசரத்தில் பையில் போட்டுக்கொண்டு மறந்திருக்கிறேன்.

தண்ணீரில்லாமல் அதை விழுங்கினேன். தொண்டையெல்லாம் கசந்தது. சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சாராயத்தைப் பற்றியெல்லாம் சொன்னவன், இதைச் சொல்லவில்லை. உடம்பில் தானாக ஊறியதுதான் அந்தக் கோபமும் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சாக்கும் அலுத்துவிட்டது. கடைசிவரை அவள் அந்த வார்த்தையை மாத்திரையின் கணக்கில்தான் வைத்திருந்தாள்.